இருநூற்றுப் பதினான்காவது வரி

அத்தியாயம் 4

லிஃப்டுக்கு மூளை செய்து விற்கும் கம்பெனியில் லிஃப்ட் ஓடவில்லை.

கீழ்த்தளத்தில் மூடிய கதவின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'ஐயா சொன்னபடி, லிஃப்டைப் பயன்படுத்த வேண்டாம். படியில் ஏறவும். இப்படிக்கு மேலாளர்.' பக்கத்தில் தண்ணீர்க் குழாய்க்கு மேலே இன்னொரு தாள். 'ஐயா சொன்னபடி, குழாயை இறுக்கி மூடவும். இப்படிக்கு மேலாளர்.'

இரண்டையும் வாசித்துவிட்டுக் கொழுந்தன் படிக்கட்டை அண்ணாந்து பார்த்தான். ஏழு மாடி. பதினாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் அவன். அந்தப் பதினாறு வருஷத்தில் அவன் ஏறிய படிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"அண்ணி, குற்றவாளி எப்படியும் வீட்டுக்குப் போகக் கீழே வருவான். இங்கேயே உக்காந்து பிடிச்சிடலாமே."

"மூணு மணிக்கு அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும் தம்பி. ஏறு."

அண்ணியைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், அதற்குள் அவர்கள் மூன்றாவது மாடியைத் தாண்டிவிடுவார்கள். அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷம் புரூஃப் பார்த்தவர். முதலாளி ஆசை ஆசையாய் எழுதிய கவிதைப் புத்தகத்தில் முந்நூறு திருத்தம் போட்டுக் கொடுத்த அன்று வெளியே வந்தார். மறுநாளே வீட்டு முன்னறையில் 'துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டிவிட்டார். கணவரின் தம்பியை யாரும் உதவிக்குக் கூப்பிடவில்லை. வந்தான், உட்கார்ந்தான், பேச ஆரம்பித்தான், இன்னும் நிறுத்தவில்லை.

ஏழாவது மாடியில் அவர்களுக்காகக் காத்திருந்தவள் முப்பது வயதுப் பெண். கண் வீங்கியிருந்தது. அலுவலகத்தில் அவளை எல்லாரும் 'டிரைவரம்மா' என்று கூப்பிடுவார்கள். வண்டி ஓட்டுவதில்லை, டிரைவர் எழுதுவாள்.

அது என்ன டிரைவர் என்று கொழுந்தன் கேட்டான். அவள் பொறுமையாகச் சொன்னாள். பயப்படாமல் கேளுங்கள், இதில் கணக்கு எதுவும் வராது. லிஃப்டின் மூளைக்குள் நகத்தளவு மெமரி சிப் ஒன்று இருக்கிறது. கரண்டு போனாலும், எந்த மாடியில் நிற்கிறோம், கதவு திறந்திருக்கிறதா என்பதை அதுதான் மறக்காமல் வைத்திருக்கும். அதோடு பேச நாலே நாலு கம்பி. ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையில் நிற்கிற மாதிரிதான் சேதி போகும், வரும். அந்த வரிசையைக் கட்டி மேய்க்கிற இன்னொரு சிப்புக்கு, எப்போது பேசு, எப்போது வாயை மூடு என்று சொல்லிக்கொடுக்கும் நிரல்தான் டிரைவர்.

"பழசை அழின்னு சிப்புக்குச் சொன்னதும், அது அழிச்சு முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் நிக்கணும். அந்தக் காத்திருப்பு இருநூற்றுப் பதினாலாவது வரியில இருந்தது. ஏழாவது திருத்தத்துல அதை யாரோ எடுத்துட்டாங்க" என்றாள். "என் பேர்ல."

அதன் பலன் ஊரறிந்தது. திங்கட்கிழமையிலிருந்து பத்தொன்பது கட்டடங்களில் லிஃப்டுகளுக்கு மறதி. எந்த மாடியில் நின்றாலும் 'தரைத்தளம்' என்று அறிவித்துக் கதவைத் திறக்கப் பார்த்தன. ஒரு பல் டாக்டர் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டார். கூட மாட்டியவர் பல்வலிக்காரர். வெளியே வரும்போது வலி இல்லை, பல்லும் இல்லை. இங்கே இதே கட்டடத்தில், முதலாளியம்மாவே ஐம்பது நிமிஷம் உள்ளே நின்று, தரைத்தளம் தரைத்தளம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதனால்தான் விசாரணை இவ்வளவு சுறுசுறுப்பு.

அந்த ஏழாவது திருத்தம் போன இரண்டு நாளும் டிரைவரம்மா விடுப்பில் இருந்தாள். மகனுக்குக் காதுவலி, ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆனால் வீட்டிலிருந்தும் அனுப்பலாமே என்கிறார் மேலாளர். இப்படி ஒரு பழியோடு வெளியே போனால், லிஃப்டுக்கு மூளை செய்யும் எந்த இடத்திலும் அவளை வாசல்படி ஏற விடமாட்டார்கள்.

கொழுந்தன் கால் வலி தாங்காமல் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். சின்னத் தடுப்பறை, ஒரே திரை, ஆனால் இரண்டு நாற்காலி. அவன் உட்கார்ந்த இரண்டாவது நாற்காலியில் பஞ்சு அமுங்கி, துணி தேய்ந்து வெளுத்திருந்தது.

"விருந்தாளி அதிகமோ?" என்றான்.

அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணி மட்டும் நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டு, திருத்தங்கள் இங்கே எப்படி நடக்கின்றன என்று விசாரித்தார்.

அவள் சொன்னது இது. யார் எந்த வரியை மாற்றினாலும் பிரதான பரிசீலகருக்குப் போகும். அவர்தான் அலுவலகம் முழுக்க 'ஐயா'. அவர் படித்து, கேள்வி கேட்டு, கடைசியில் தன் சாவியைப் போட்டு 'படித்தேன், சரி' என்று ஒரு வரி எழுதினால்தான் மாற்றம் உள்ளே போகும். சாவி என்றால் இரும்புச் சாவி அல்ல, அவருக்கு மட்டும் தெரிந்த ரகசிய எழுத்துக்கோவை. ஆறாவது திருத்தத்தில் ஐயா கேட்ட கேள்வி பதிவில் இருந்தது. 'வரி 214: இந்தக் காத்திருப்பு எதற்கு?' அதற்கு அடுத்து ஏழாவது திருத்தம், வரியே இல்லை. கூடவே ஒரு குறிப்பு. 'ஐயா சொன்னபடி, காத்திருப்பு நீக்கப்பட்டது.'

அண்ணி இரண்டு வருஷத்துக்கு ஐயா எழுதிய கேள்விகள் அத்தனையும், நாள், நேரம், வரி எண்ணோடு, தாளில் வேண்டும் என்றார். திரையில் படித்தால் அவருக்குப் பிழை பிடிபடாது.

ஐயாவின் அறை மூலையில் இருந்தது. மேசை மேல் கண்ணாடிக் கேடயம், 'நுணுக்கமான பார்வைக்கு' என்று பொறித்தது. ஐயா தலை நிறைய நரையோடு, அயர்ன் மடிப்புக் கலையாத சட்டையில், அசையாமல் வீற்றிருந்தார். ஓய்வு பெற நாலு மாதம்.

ஒவ்வொரு வரியையும் தாம் படிப்பதாகவும், படிக்காமல் கையெழுத்துப் போடுவது குழந்தையைப் பார்க்காமல் பேர் வைப்பது போல என்றும் அவர் சொன்னார். இருநூற்றுப் பதினான்காவது வரியைப் பற்றி அண்ணி கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"நான் கேட்டது கேள்விம்மா. எதற்குன்னு கேட்டேன். எடுன்னு சொன்னேனா?"

"இல்லைங்க, நல்ல கேள்வி. அதுக்கு முந்தின வரியில என்ன இருந்தது?"

ஐயா இருமினார். அதில் தாம் குறை எதுவும் சொல்லாததால் அது சரியாகத்தான் இருந்திருக்கும் என்றார்.

கொழுந்தனின் கண் மேசையில் இருந்தது. மெக்கானிக் கண், ஆள் முகத்தை விட்டுவிட்டுச் சாமானைப் பார்க்கும். மவுஸின் இரண்டு பொத்தானும் அழுத்தி அழுத்தி வழவழவென்று ஆகிவிட்டன. நடுவில் இருந்த சக்கரத்தின் மேல், கம்பெனியில் சுற்றி அனுப்பிய பிளாஸ்டிக் தாள் இன்னும் உரிக்கப்படாமல் பளபளத்தது. விசைப்பலகையில் பக்கத்தைக் கீழே நகர்த்தும் விசைகளில் தூசி.

வெளியே வந்ததும் அண்ணியிடம் சொன்னான். அண்ணி நின்றுவிட்டார்.

"அவர் திரையில ஒரு நேரத்துல எத்தனை வரி தெரியுது, எண்ணினியா?"

"முப்பத்தெட்டு. அவர் பேசினப்போ வேற பொழுதுபோக்கு இல்ல."

ஆறாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே படிக்கட்டுத் திருப்பத்தில், கட்டிக்கொண்டு வந்த சோற்றுக்குப் பக்கத்திலேயே தாள்களைப் பரப்பினார்கள். அண்ணி இடது கையால் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தள்ளிவிட்டு, வலது கையில் பென்சில் எடுத்தார். காலையில் எழுதிய கேள்விகளுக்குச் சிவப்பு. சாயந்திரம் எழுதியவற்றுக்கு நீலம்.

அரை மணி நேரத்தில் தாள் பேச ஆரம்பித்துவிட்டது.

சிவப்பு எல்லாம் ஒரே குடும்பம். 'இடைவெளி விடவும்.' 'பெயர் நீளமாக உள்ளது.' 'பெயர் குட்டையாக உள்ளது.' இரண்டு வருஷத்தில் ஒன்றுகூட முப்பத்தெட்டாவது வரிக்குக் கீழே இறங்கவில்லை. நீலம் வேறு ரகம். 'இங்கே சிப் பதில் சொல்லாவிட்டால் லிஃப்ட் என்ன செய்யும்?' 'நாலு கம்பியில் ஒன்று அறுந்தால்?' 'இதைச் சோதித்தது யார்?' ஆயிரமாவது வரி வரைக்கும் நீலம் நடந்து போயிருந்தது.

"முதல் பக்கத்துல மட்டும் சிவப்பு மையைக் கொட்டுறவன் மீதியைப் படிக்கலைன்னு அர்த்தம்" என்றார் அண்ணி. "அச்சகத்துல எனக்கு மேலே ஒருத்தர் இப்படித்தான் இருந்தார். ஆக, காலையில வர்றது ஒரு ஐயா. சாயந்திரம் வர்றது வேற ஐயா."

"இரட்டைப் பிறவியா அண்ணி?"

"சாயந்திர ஐயா எந்தெந்த நாள் வரலைன்னு பாரு. அப்புறம் நம்ம பொண்ணோட விடுப்புச் சீட்டைப் பாரு."

கொழுந்தன் பார்த்தான். போன வருஷம் ஒன்பது நாள், இந்த வருஷம் நாலு நாள். டிரைவரம்மா வராத நாளில் நீல ஐயாவும் வரவில்லை. ஒரு நாள் கூடத் தப்பவில்லை. வாய்க்குப் போன கவளம் பாதியில் நின்றது. தேய்ந்து வெளுத்த அந்த இரண்டாவது நாற்காலி அவன் நினைவுக்கு வந்தது.

"நம்மளைக் கூப்பிட்டவளே நம்மகிட்ட மறைச்சிருக்கா" என்றான். குரலில் கேலி இல்லை.

அவளைப் படிக்கட்டுக்கு அழைத்தார்கள். தாளைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சுவரோரம் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேலை குவிந்திருந்த ஒரு நாள், ஐயா தன் சாவியை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, நீயே போட்டுக்கோம்மா என்றாராம். போட்டுக்கொண்டு போயிருக்கலாம். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. யாரும் படிக்காத டிரைவரை நம்பி ஜனங்கள் லிஃப்டில் ஏறுகிறார்களே என்று பயம். அதனால் தினமும் சாயந்திரம் இரண்டாவது நாற்காலிக்கு மாறி உட்காருவாள். அந்த நாற்காலியில் இருக்கும்போது அவள் அதை எழுதியவள் இல்லை. யாரோ முன்பின் தெரியாதவர் எழுதியதுபோலச் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுப் படிப்பாள். ஐயா பெயரில் கேள்வி எழுதுவாள். மறுநாள் காலை முதல் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கேள்விக்குப் பயந்து பயந்து பதில் எழுதுவாள்.

"சில நாள் அந்த நாற்காலிக்காரர் மேல கோபமே வரும்" என்றாள். "இவ்வளவு கேள்வியான்னு."

"அந்தக் கேடயம்?" என்றான் கொழுந்தன்.

"அந்தக் கேள்விகளுக்காகத்தான் கொடுத்தாங்க. நானும் கை தட்டினேன்."

இருநூற்றுப் பதினான்காவது வரி அவளுக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. காரணம் எழுதாமல் போய்விட்டார். ஆகவே இரண்டாவது நாற்காலியிலிருந்து கேட்டாள், இது எதற்கு என்று. மறுநாள் சிப் ஸ்டோரில் விசாரித்துப் பதில் எழுதலாம் என்று நினைத்தாள். மறுநாள் மகனுக்குக் காதுவலி.

இதைச் சொன்னால் போச்சு என்றாள். கடன் வாங்கிய சாவி, தானே எழுதித் தானே திருத்தியது, இரண்டு குற்றம் ஆகிவிடும். ஒன்றும் சொல்லாமலே போய்விடுகிறேன் அக்கா, உங்களை அலைய வைத்துவிட்டேன் என்று எழுந்தாள்.

அண்ணி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "நீ பொய் சொன்னது தப்பு. ஆனா அந்தப் பொய்தான் உன்னைக் காப்பாத்தப் போகுது. இதைப் படி."

பென்சில் முனை ஏழாவது திருத்தத்தின் குறிப்பில் நின்றது. 'ஐயா சொன்னபடி.'

"அந்தக் கேள்வியை எழுதினவ நீ. நீயே எழுதின கேள்விக்கு நீயே 'ஐயா சொன்னபடி'ன்னு எழுதுவியா? கேட்டது நிஜமா ஐயாதான்னு நம்புற ஒருத்தர்தான் அப்படி எழுத முடியும்." பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பினார். "இந்த ரெண்டு வார்த்தையை இன்னைக்கு எங்கே படிச்சோம்?"

கொழுந்தன் கண்ணை மூடினான். திறந்தபோது முகத்தில் துக்கம்.

"தண்ணிக் குழாய்க்கு மேல. கீழ்த்தளத்துல. அதை எடுத்துட்டு வரணுமா அண்ணி?"

"லிஃப்ட் கதவுல இருக்கிறதையும் சேர்த்து."

மூன்று மணிக்கு, முதலாளியம்மா மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். பேச்சு குறைவு, பார்வை அதிகம். சுவர்த் திரையில் இருநூற்றுப் பதினான்காவது வரி இருந்த இடம் பெரிதாகத் தெரிந்தது. மேலாளர் நின்றுகொண்டே குற்றத்தை வாசித்தார். வாசித்ததில் நாலு தடவை 'ஐயா சொன்னபடி' வந்தது. கொழுந்தன் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்கினான்.

அண்ணி எழுந்து இரண்டு அறிவிப்புத் தாளையும் மேசையில் வைத்தார். வேலைக்கு வராதவருக்குப் பதிலாக இன்னொருவர் அனுப்பினால் யார் பெயரில் போகும் என்று கேட்டார். வேலை யாருடையதோ அவர் பெயரிலேயே போகும், அதுதான் இங்கே வழக்கம் என்று டிரைவரம்மா சொன்னாள். அவள் விடுப்பில் இருந்தால் பதிலாள் மேலாளர்தான்.

மேலாளர் சிரித்தார். 'ஐயா சொன்னபடி' என்பது ஒரு மரியாதை, இந்த அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள் என்றார்.

"யார் வேணும்னாலும் எழுதுவாங்க" என்று ஒப்புக்கொண்டார் அண்ணி. "ஒரே ஒருத்தரைத் தவிர."

பிறகு ஐயாவைப் பார்த்தார். நூல் ஐயாவின் கையில் இருந்தது. அந்தக் கேள்வி என்னுடையதுதான் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கதை முடிந்தது. இல்லை என்று சொன்னால் அவருடைய கேடயம் வெறும் கண்ணாடி.

டிரைவரம்மா எழுந்தாள். ஐயா கொடுத்த சாவி, இரண்டு நாற்காலி, எல்லாவற்றையும் நாலே வாக்கியத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

முதலாளியம்மா கேட்டார். "அந்தக் கேள்வி உங்களோடதா ஐயா?"

ஐயா சுவர்த் திரையைப் பார்த்தார். முப்பத்தெட்டாவது வரிக்குக் கீழே இவ்வளவு இருக்கிறதா என்று பார்ப்பவர் போல வெகுநேரம் பார்த்தார். பிறகு டிரைவரம்மாவிடம் கேட்டார்.

"அந்தக் காத்திருப்பு எதற்கும்மா? பதில் கிடைச்சுதா?"

"கிடைச்சுது ஐயா. நேத்துதான் ஸ்டோர்ல சொன்னாங்க. புது சிப் உடனே அழிச்சிடும். பழைய இருப்புல வாங்கின சிப் மெதுவா அழிக்கும். அந்தப் பத்தொன்பது கட்டடத்துலயும், நம்ம கட்டடத்துலயும் இருக்கிறது பழசு. அழிச்சு முடிக்கிறதுக்குள்ள மேல எழுதினா ரெண்டும் குழம்பி, மாடி மறந்துபோகுது."

ஐயா தலையை ஆட்டினார். மடிப்புக் கலையாத சட்டை முதல் தடவையாகக் கொஞ்சம் தளர்ந்தது.

"அது என் கேள்வி இல்லம்மா" என்றார் முதலாளியம்மாவிடம். "அப்படி ஒரு கேள்வி கேக்கணும்னா அது வரைக்கும் படிச்சிருக்கணும். நான் படிச்சதில்லை. ஏழாவது திருத்தத்துக்கும் படிக்காமலேதான் சரின்னு போட்டேன். சாவியையும் நான்தான் கொடுத்தேன்."

மேலாளருக்குத்தான் தாங்கவில்லை. "ஐயா இல்லையா?" என்றார், ஊரே இடிந்து விழுந்த குரலில். "பதினொரு வருஷமா ஐயா எதையாவது எதற்குன்னு கேட்டா, அதை எடுத்துடணும்னு அர்த்தம். யாரும் பதில் சொன்னதே இல்லையே. நானும் அதான் உடனே..."

தன் வாயாலேயே சொல்லிவிட்டது அவருக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

முதலாளியம்மா தீர்ப்புச் சொல்ல ஒரு நிமிஷம்தான் எடுத்துக்கொண்டார். டிரைவரம்மா இருப்பாள். ஐயாவின் சாவி இன்றே மாறும், இனி யாரும் யாருக்கும் சாவி கொடுக்கக் கூடாது. தன் எழுத்தைத் தானே பார்க்கிற வேலையும் இன்றோடு சரி, அவளுடையதை வேறொருவர் படிப்பார், மற்றவர்களுடையதை அவள் தன் பெயரிலேயே படிப்பாள். கட்டடம் கட்டடமாகப் போய்ச் சரியான டிரைவரை ஏற்ற வேண்டியது மேலாளர். லிஃப்ட் மூளை எப்போதும் மொட்டை மாடி அறையில்தான் இருக்கும்.

"பத்தொன்பது கட்டடம்" என்றான் கொழுந்தன் அவர் காதருகே, பரிவாக. "லிஃப்ட் ஓடாது சார். முட்டிக்கு நல்ல தைலம் ஒண்ணு சொல்லட்டுமா?"

நாலரை மணிக்கு எட்டாவது திருத்தம் தயாரானது. இருநூற்றுப் பதினான்காவது வரி திரும்ப வந்தது, இந்த முறை எதற்கு என்ற காரணத்தோடு. உள்ளே போக யாராவது படித்தாக வேண்டும். டிரைவரம்மா அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

ஐயா தன் மவுஸைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். தேய்ந்து வெளுத்த அந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். மவுஸை அவள் கணினியில் செருகினார். சக்கரத்தின் மேலிருந்த பிளாஸ்டிக் தாளை நகத்தால் நெம்பி, மெதுவாக உரித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்க ஆரம்பித்தார். அறுபதாவது வரியில் நின்றார்.

"இது எதற்கும்மா?"

அவள் சட்டென்று அழிக்கப் போனாள். பழக்கம். கை விசையின் மேலேயே நின்றது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, "சொல்றேன் ஐயா" என்றாள்.

அதற்கும் அடுத்த கேள்விகளுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆயிற்று. கொழுந்தன் மொட்டை மாடிக்கு ஏறி, சரியான டிரைவரை இந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு ஏற்றிவிட்டு வந்தான். அண்ணியும் அவனும் உள்ளே நின்றார்கள். பொத்தானை அழுத்தியும் கதவு மூடாமல் ஒரு நொடி யோசித்தது.

"அண்ணி, நிக்குது."

"நிக்கட்டும் தம்பி. அது எதற்குன்னு நமக்குத் தெரியுமே."

கதவு மூடியது. லிஃப்ட் இறங்கி நின்றது. 'தரைத்தளம்' என்றது. கொழுந்தன் அதை நம்பாமல் தலையை மட்டும் வெளியே நீட்டி, தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. சொட்டிக்கொண்டிருந்தது. தாள் இல்லாததால் யாரும் மூடவில்லை.

போய் இறுக்கி மூடிவிட்டு வந்தான்.